ஓடினால்தான் வண்டி!

2018-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் எரா-லெஸ்ஸியன் சோதனை ஓடுதளத்தில் விந்தையானதொரு கார் ஓடியது. புகாட்டி சிரோன் என்னும் உலகப் புகழ் பெற்ற அதிவேகக் காரின் அதே நீளம், அதே அகலம், அதே வடிவம். அதனை ஓட்டியவர், 1988-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற குழுவைச் சேர்ந்த ஆண்டி வாலஸ். ஆனால் அந்தக் காரின் உடல் தகட்டால் ஆனதன்று. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் துண்டுகளால் ஆனது! பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட லெகோ டெக்னிக் துண்டுகள், ஒரு சொட்டுப் பசையுமின்றி, ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருந்தன. அதனை இயக்கிய என்ஜினுக்குள் 2,304 பொம்மை மோட்டார்களும் 4,032 பற்சக்கரங்களும் இருந்தன.

மெய்யான சிரோனின் ஆற்றல் 1,500 குதிரைத் திறன். பொம்மைச் சிரோனின் ஆற்றலோ 5.3 குதிரைத் திறன் என்றே கணக்கிடப்பட்டது. எடை ஒன்றரை டன். எட்டிய வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நன்றாக மிதிக்கத் தெரிந்த சைக்கிள்காரர் ஒருவர் அதனை முந்திச் சென்றுவிடுவார். உள்ளே தாங்கி நிற்க எஃகுச் சட்டமும், கீழே உருள மெய்யான கார்ச் சக்கரங்களும் தேவைப்பட்டன. இருந்தும் அதனை உருவாக்க 13,400 மணி நேரத்திற்கும் மேலாக உழைத்தார்கள். ஏன்?

காரணம் எளியது. காரைப் போன்ற ஒரு சிலையைச் செய்து நிறுத்துவது வேறு. காரைப் போன்றே ஓடக்கூடிய ஒன்றைச் செய்வது வேறு. சிலைக்குக் கண் ஒன்றே நீதிபதி. ஓடும் வண்டிக்கோ எடை, உராய்வு, முறுக்கு விசை ஆகிய மூன்றும் நீதிபதிகள். அவற்றிடம் எந்தச் சமாதானமும் செல்லாது. பற்சக்கரம் பிடித்தால் பிடித்தது, வழுக்கினால் வழுக்கியதுதான். ஒரு பத்து வயதுப் பிள்ளை இந்த நீதிமன்றத்தில் நின்று, தோற்று, திருத்தி, மீண்டும் வெல்லுமானால், அப்பிள்ளை பெறுகின்ற கல்வி விலை மதிப்பற்றது. அக்கல்வியைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

தச்சர் பட்டறையில் தொடங்கிய கதை

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்றொரு சிற்றூர். அங்கே தச்சுத் தொழில் புரிந்து வந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்பார், உலகப் பொருளாதார நெருக்கடியால் வேலை குன்றியபோது, 1932-இல் மரப் பொம்மைகள் செய்யலானார். 1934-இல் தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' என்னும் பொருள் தரும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகள் அவருடைய பட்டறையிலிருந்து வெளிவந்தன. இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் அதற்கு முன்னரே செய்து விற்ற கட்டைகளே இவற்றுக்கு முன்மாதிரி என்பதையும் நேர்மையுடன் குறிப்பிடுதல் வேண்டும்.

தொடக்கக் காலக் கட்டைகளில் ஒரு குறை இருந்தது. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். 1958-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று, ஓலே கிர்க்கின் மகன் கோட்ஃபிரட், கட்டையின் அடிப்புறத்தில் குழாய்களை அமைக்கும் புதிய முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். மேலுள்ள குமிழைக் கீழுள்ள குழாயும் சுவரும் சேர்ந்து இறுகப் பற்றிக்கொண்டன. அன்று செய்த கட்டையோடு இன்று செய்யும் கட்டையும் பொருந்தும், அளவு மாறவேயில்லை. 1962-இல் சக்கரம் வந்தது. 1963 முதல் ஏ.பி.எஸ். என்னும் உறுதியான பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தலாயினர். 1970-இல் பற்சக்கரங்கள் வந்தன.

பெரும் திருப்பம் 1977-இல் நிகழ்ந்தது. கட்டையின் பக்கவாட்டில் துளையிட்டு, அத்துளை வழியே அச்சையும் முளையையும் செலுத்தும் முறை அப்போது அறிமுகமாயிற்று. அவ்வாண்டு வெளிவந்த கார் அடிச்சட்டத் தொகுப்பில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் நான்கு சிலிண்டர் என்ஜினும், பற்சட்டத்தால் திரும்பும் ஸ்டியரிங்கும், முன்பின் நகரும் இருக்கைகளும் இருந்தன. 1984 முதல் இவ்வகைத் தொகுப்புகள் 'டெக்னிக்' என்னும் பெயரைப் பெற்றன. 1994-இல் வந்த 'சூப்பர் கார்' நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம், நான்கு சக்கரங்களுக்கும் திருப்பம், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், நான்கு வேகக் கியர் பெட்டி ஆகிய அனைத்தையும் ஒரே வண்டிக்குள் அடக்கிக் காட்டியது.

இதற்கெல்லாம் மூத்த வழிகாட்டி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்ற மெக்கானோ விளையாட்டே அது. துளையிட்ட உலோகத் தகடுகளைத் திருகாணியால் முடுக்கிப் பாலமும் பாரந்தூக்கியும் செய்யும் விளையாட்டு. நம் நாட்டில் 'மெக்கானிக்ஸ்' என்னும் பெயரில் விற்பனையான பெட்டிகளைக் கண்ட வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே திருகாணி செய்த வேலையை இங்கே பிளாஸ்டிக் முளை செய்கிறது.

எட்டு மில்லிமீட்டர் இலக்கணம்

இந்தக் கட்டைகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மில்லிமீட்டர். அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இடையேயும் அதே 8 மில்லிமீட்டர். அனைத்தும் இந்த அளவின் மடங்குகளிலேயே அமைகின்றன.

பற்சக்கரங்களும் இதே இலக்கணத்திற்குக் கட்டுப்பட்டவை. சக்கரத்தில் எத்தனைப் பற்கள் உள்ளனவோ, அத்தனை மில்லிமீட்டர் அதன் கணக்கு விட்டம். 8 பல் சக்கரத்திற்கு 8 மில்லிமீட்டர். 24 பல் சக்கரத்திற்கு 24 மில்லிமீட்டர். ஆகவே இரு சக்கரங்களின் பற்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால், அவற்றின் அச்சுகளுக்கு இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பது தெரிந்துவிடும். 8-உம் 24-உம் சேர்ந்தால் 32. அதில் பாதி 16. அதாவது சரியாக இரண்டு துளை இடைவெளி. 8-உம் 40-உம் சேர்ந்தால் மூன்று துளை. 12-உம் 20-உம் சேர்ந்தால் மீண்டும் இரண்டு துளை. ஆனால் 16-உம் 24-உம் சேர்ந்தால் 20 மில்லிமீட்டர். அதாவது இரண்டரைத் துளை! நேர்வரிசைத் துளைகளில் அந்த இணை அமராது. பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளை, இந்த அரைத் துளையோடு போராடும்போது அதே கணக்கைத் தானாகவே போட்டுவிடும்.

உயரத்தில்தான் சிக்கல். கட்டையின் உயரம் 8 மில்லிமீட்டர் அன்று, 9.6 மில்லிமீட்டர். ஆகவே ஒன்றன் மேல் ஒன்றாகத் துளைக்கட்டைகளை அடுக்கினால், மேல் துளையும் கீழ்த் துளையும் 8-இன் மடங்கில் அமைவதில்லை, பற்சக்கரங்கள் பொருந்துவதில்லை. இதற்குக் கண்ட தீர்வு அழகானது. மெல்லிய தட்டைக் கட்டையின் உயரம் 3.2 மில்லிமீட்டர். இரண்டு துளைக்கட்டைகளுக்கு இடையே இரண்டு தட்டைகளை வைத்தால், 9.6-உடன் 6.4 சேர்ந்து 16 ஆகிறது. சரியாக இரண்டு துளை இடைவெளி! பழைய டெக்னிக் வண்டிகளின் பக்கச் சுவர்களில் இந்த அமைப்பைக் காணலாம். குமிழற்ற துளைச்சட்டங்கள் பெருகிய பின்னர் இந்தத் தேவை குறைந்துவிட்டது.

மூலைகளை உறுதியாக்கவும் கணக்கே துணை. 4, 5, 6 துளைகள் உள்ள மூன்று சட்டங்களை முனையோடு முனை பொருத்தினால், துளை இடைவெளிகள் 3, 4, 5 என்றாகிச் செங்கோண முக்கோணம் அமைகிறது. பித்தகோரசின் தேற்றத்தை மனப்பாடம் செய்வதற்கும், அதைக் கொண்டு லாரியின் சட்டம் கோணாமல் தடுப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

சக்கரத்திலிருந்து தொடங்குக

ஒரு மெய்யான வண்டியைப் பார்த்து அதன் மாதிரியை வடிவமைக்க விரும்புவோர் எங்கிருந்து தொடங்குவது? முகப்பிலிருந்தோ, கூரையிலிருந்தோ அன்று, சக்கரத்திலிருந்து. கட்டைகளை வேண்டிய நீளத்திற்கு அடுக்கலாம். ஆனால் சக்கரம் கடையில் கிடைக்கும் அளவுகளில்தான் கிடைக்கும். ஆகவே சக்கரமே வண்டியின் அளவைத் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒன்று. மெய்யான காரின் சக்கர விட்டம் 65 சென்டிமீட்டர் என்க. கைவசமுள்ள பொம்மைச் சக்கரம் 6.24 சென்டிமீட்டர். வகுத்தால் ஏறத்தாழ 10.4 வருகிறது. காரின் நீளம் 4.2 மீட்டர் எனில், மாதிரியின் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். அதாவது 50 குமிழ்கள். அகலம் 1.7 மீட்டர் எனில், மாதிரிக்குச் சுமார் 20 குமிழ்கள். அதிலும் 20-ஐ விட்டு 21-ஐத் தேர்வது பலருடைய வழக்கம். ஒற்றைப் படையாக இருந்தால் நட்ட நடுவில் ஒரு துளை வரிசை கிடைக்கும். என்ஜினிலிருந்து பின் சக்கரத்திற்குச் செல்லும் அச்சை அதன் வழியே நேராகச் செலுத்தலாம்.

இருபுறச் சக்கரங்களும் சேர்ந்து ஐந்து குமிழ் அகலத்தை எடுத்துக்கொண்டால், எஞ்சுவது பதினாறு. அதற்குள் ஸ்டியரிங், ஸ்பிரிங்குகள், கியர் பெட்டி யாவும் அடங்க வேண்டும். வடிவமைப்பு என்பதே இந்த இட நெருக்கடியோடு நடத்தும் பேரம்தான். கூரையின் வளைவு அழகாக வேண்டுமா? என்ஜின் தாழ வேண்டும். என்ஜின் பெரிதாக வேண்டுமா? முகப்பு உயர வேண்டும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கத்தான் வேண்டும்.

உள்ளே இயங்கும் உறுப்புகள்

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் நீண்ட வழியில் செல்கிறது. உட்புறச் சக்கரம் குறுகிய வழியில் செல்கிறது. இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பூட்டினால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். ஒரே விசையைப் பெற்றும் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்வதே டிஃபரன்ஷியல். பிரெஞ்சுக் கடிகாரக் கைவினைஞர் ஒனெசிஃபோர் பெக்கர் 1827-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பொம்மை வண்டியில் ஒரு கூட்டுக்குள் மூன்று சிறு கூம்புப் பற்சக்கரங்களை வைத்தால் அதே டிஃபரன்ஷியல் உருவாகிவிடுகிறது. ஒரு சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுழற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு, படம் வரைந்து விளக்க வேண்டிய தேவை எழாது.

ஸ்டியரிங்கும் அவ்வாறே. திரும்பும்போது உட்புறச் சக்கரம் சற்றுக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். ஜெர்மானியராகிய லாங்கன்ஸ்பெர்கர் கண்டறிந்து, 1818-இல் லண்டனில் ஆக்கர்மன் என்பவர் பெயரில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றளவும் அது ஆக்கர்மன் பெயராலேயே வழங்கி வருகிறது. சிறிய மாதிரிகளில் இரு சக்கரங்களும் ஒரே அளவு திரும்பும் எளிய அமைப்பே போதும். பெரிய மாதிரிகளில், சக்கரங்களை இணைக்கும் கம்பியை முன் அச்சைவிடச் சிறிது குட்டையாக்கி, அச்சுக்குப் பின்னால் வைத்தால் ஆக்கர்மன் ஏற்பாட்டுக்கு நெருங்கி வரலாம்.

மோட்டார் இல்லாத மாதிரிகளில் வேடிக்கையான ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. மெய்யான காரில் என்ஜின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பொம்மைக் காரில் சக்கரமே என்ஜினைச் சுழற்றுகிறது! கையால் தள்ளும்போது பின் சக்கரத்தின் சுழற்சி டிஃபரன்ஷியல், கியர் பெட்டி வழியே சென்று பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. பிஸ்டன் விரைந்து ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பற்சக்கர விகிதத்தை மிகையாக உயர்த்தினால், சக்கரம் உருளாமல் தரையில் சறுக்கும். ஆசைக்கும் அளவு வேண்டும் என்பதை அந்தச் சறுக்கல் சொல்லித் தரும்.

கியர் பெட்டிக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றையொன்று பற்றியபடியே இருக்கின்றன. ஆனால் அவற்றுள் சில, வட்டத் துளை உடையவையாதலால், அச்சின் மேல் சும்மா சுழல்கின்றன. அச்சோடு சேர்ந்து சுழலும் வளையம் ஒன்று நெம்புகோலால் நகர்ந்து எந்தச் சக்கரத்தைப் பற்றுகிறதோ, அந்தச் சக்கரமே வேலை செய்யும். வளையம் நடுவில் நின்றால் நியூட்ரல். மெய்யான கார்களில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. 2018-இல் 3,599 துண்டுகளுடன் எட்டில் ஒரு பங்கு அளவில் வெளிவந்த புகாட்டி சிரோன் தொகுப்பில், இந்த அடிப்படையில் எட்டு வேகக் கியர் பெட்டி அமைந்திருந்தது.

மோட்டார் பொருத்திய வண்டிகளில் விசைக் கணக்கு முதன்மை பெறுகிறது. 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். முறுக்கு விசை மூன்று மடங்காகும். அதே அச்சிலுள்ள இன்னொரு 8 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தைச் சுழற்றினால் மேலும் ஐந்து மடங்கு. ஆக மொத்தம் பதினைந்து மடங்கு. உராய்வு இதில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதையும் மறக்கலாகாது. பாரந்தூக்கியின் கைக்குத் திருகுப் பற்சக்கரமே ஏற்றது. அது ஒரு முறை சுழன்றால் எதிர்ச் சக்கரம் ஒரு பல் மட்டும் நகரும். எதிர்ச் சக்கரத்தால் அதைத் திருப்பிச் சுழற்ற இயலாது. ஆகவே தூக்கிய பாரம் மோட்டார் நின்ற பின்னும் கீழே விழாது. பளு எல்லை மீறினால் உடையாமல் வழுக்கிக் கொடுக்கும் 24 பல் சக்கரம் ஒன்றும் உண்டு. முரண்டு பிடிப்பதைக் காட்டிலும் விட்டுக்கொடுப்பதே பொறியைக் காக்கும் என்பதற்கு அது சான்று.

இருபது வயது இளைஞரின் காற்றுக் கார்

பெரிய நிறுவனங்களால் மட்டுமே இவை ஆகும் என்று எண்ண வேண்டாம். 2013-இல் ருமேனியா நாட்டைச் சேர்ந்த ரவுல் ஓய்டா என்னும் இருபது வயது இளைஞர், மனிதர் அமர்ந்து ஓட்டக்கூடிய கார் ஒன்றை ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட லெகோ துண்டுகளால் செய்து முடித்தார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த ஸ்டீவ் சமர்டினோ அதற்குப் பொருளுதவி திரட்டித் தந்தார். நாற்பது பேர் கைகொடுத்தனர். அக்காரின் என்ஜினும் லெகோ துண்டுகளால் ஆனதே. 256 பிஸ்டன்கள், எரிபொருள் எதுவுமில்லை, அழுத்தப்பட்ட காற்றே இயக்கு விசை. சக்கரங்களும் பளு தாங்கும் சில பகுதிகளும் மட்டுமே வேறு பொருளால் ஆனவை. ருமேனியாவில் கட்டப்பட்ட கார் மெல்போர்னுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அந்நகரத் தெருவில் ஓடியது.

தாம் கண்டறிந்ததைப் பிறருக்குக் கற்பிக்கும் பண்பும் இத்துறையினரிடம் மிகுந்துள்ளது. 'சாரியல்' என்னும் புனைபெயரால் அறியப்படும் போலந்து நாட்டுக் கலைஞர் பாவெல் க்மியெச், பற்சக்கரம் முதல் சஸ்பென்ஷன் வரை விளக்கும் வழிகாட்டி நூலொன்றை 2012-இல் வெளியிட்டார். ஜப்பானைச் சேர்ந்த யோஷிஹிடோ இசோகாவாவின் நூல்களில் சொற்கள் மிகக் குறைவு. பக்கந்தோறும் இயங்கமைப்புகளின் படங்களே. எந்த மொழிப் பிள்ளையும் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

கண்ணாடி அலமாரியில் அன்று

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் தந்தையர் பலர் பெரிய பெட்டியொன்றை ஆசையோடு வாங்கி வருகின்றனர். பிள்ளை குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து இரண்டு நாட்களில் வண்டியைக் கட்டி முடிக்கிறது. வீட்டார் மெச்சுகின்றனர். பின்னர் என்ன நேர்கிறது? "கழற்றாதே, விலை உயர்ந்தது!" என்ற கட்டளையோடு அவ்வண்டி கண்ணாடி அலமாரிக்குள் குடியேறுகிறது. அன்றோடு கல்வி நின்றது!

குறிப்பைப் பார்த்துக் கட்டுவது பிறர் எழுதியதைப் படிப்பதற்கு ஒப்பாகும். அது தேவையே, அதுவின்றி எழுத்தறிவு வாராது. ஆயினும் படிப்பதோடு நின்றவர் எழுத்தாளராவதில்லை. கட்டிய வண்டியைக் கழற்றி, அதன் துண்டுகளிலிருந்தே இன்னொரு வண்டியைத் தானே கற்பனை செய்து கட்டும்போதுதான் பிள்ளையின் சிந்தை விழித்துக்கொள்கிறது. டெக்னிக் தொகுப்புகள் பலவற்றில், ஒரே பெட்டித் துண்டுகளால் இரண்டாம் வண்டியொன்றைச் செய்யும் வழியும் தரப்பட்டுள்ளது. அது தொடக்கமே, மூன்றாம் வண்டியைப் பிள்ளையே வடிவமைக்கட்டும்.

பெரிய பெட்டி வேண்டுமென்பதும் இல்லை. சில பற்சக்கரங்கள், ஒரு டிஃபரன்ஷியல், நான்கு சக்கரங்கள், துளைச்சட்டங்கள், ஒரு பிடி முளைகள், இவை போதும். பழைய துண்டுகள் கிடைத்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவிப் பயன்படுத்தலாம், கொதிநீர் கூடாது. குமிழ்க் கட்டைக்கான பழைய காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டமையால், அதோடு பொருந்தும் கட்டைகளை வேறு நிறுவனங்களும் செய்கின்றன. வாங்குமுன் இரண்டு துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பது நன்று. இறுக்கம் குறைந்த முளையும் கோணிய அச்சும் பிள்ளையின் ஊக்கத்தைக் கெடுத்துவிடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் சிறு துண்டுகளை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

முதல் வண்டிக்குச் சில நெறிகளைக் கூறுவோம். முதலில் சட்டமும் நான்கு சக்கரங்களும் மட்டும் அமையட்டும். சக்கரத்தை விரலால் சுண்டினால் அது தடையின்றிச் சுழல வேண்டும். சுழலவில்லையெனில், அச்சின் ஓரத்திலுள்ள அடைப்பு வளையம் சட்டத்தை அழுத்துகிறதா என்று பார்த்து, மயிரிழை இடைவெளி விடுக. ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு இடங்களிலாவது தாங்கல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கிய பற்சக்கரம் பளு ஏறியதும் விலகிப் பல் தாண்டும். முளைகளில் இரு வகை உண்டு. மேலே சிறு வரம்புகள் உள்ளவை இறுகப் பிடிக்கும். அவை சட்டத்திற்கு உரியவை. வழவழப்பானவை எளிதில் சுழலும். அவை அசையும் மூட்டுகளுக்கு உரியவை. இவற்றை மாற்றிப் போட்டால் வண்டி ஆட்டம் காணும் அல்லது அசையாது. ஸ்டியரிங் திரும்பிய பின்னரே டிஃபரன்ஷியல். அது சுழன்ற பின்னரே என்ஜின். கதவும் கூரையும் இறுதியில். மேற்கூட்டை எளிதில் கழற்றும்படி அமைத்தால் உள்ளே நேரும் பழுதை நீக்குவதும் எளிது.

வாப்பாவோ உம்மாவோ பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இது ஏன் சுழலவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். விடையைச் சொல்லிவிட வேண்டாம். கையை நீட்டித் திருத்தியும் விட வேண்டாம். விடையைத் தேடும் அந்த அரை மணி நேரமே பரிசு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறி என்றால் மகனுக்கு, பொம்மை என்றால் மகளுக்கு என்று பிரிக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். பற்களை எண்ணவும் பழுதைக் கண்டறியவும் ஆண், பெண் என்ற வேறுபாடு ஏது?

வண்டியிலிருந்து பிறந்த கை

ஐரோப்பாவில் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே அண்டோரா என்னும் சின்னஞ்சிறு நாடு உள்ளது. அந்நாட்டில் வலது முன்கை இல்லாமலேயே பிறந்தவர் டேவிட் அகிலார். ஒன்பது வயதில் தமக்கொரு செயற்கைக் கையை லெகோ துண்டுகளால் செய்ய முயன்றார். அது உறுதியாக அமையவில்லை. அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 2017-இல், தம் பதினெட்டாம் வயதில், டெக்னிக் ஹெலிகாப்டர் தொகுப்பு ஒன்றின் துண்டுகளைக் கொண்டு, வளையவும் பற்றவும் கூடிய கையொன்றைச் செய்து அணிந்துகொண்டார். பின்னர் பார்சிலோனாவில் உயிரிப் பொறியியல் பயின்றார்.

எண்ணிப் பார்ப்போம். அந்த ஹெலிகாப்டர் கட்டி முடித்த நிலையிலேயே கண்ணாடி அலமாரிக்குள் நின்றிருந்தால், அது என்றைக்கும் ஹெலிகாப்டராகவே இருந்திருக்கும். அதனைக் கழற்றத் துணிந்த கைக்குத்தான் இன்னொரு கை கிடைத்தது.

நம் பிள்ளைகள் யாவரும் பொறியாளர்களாக வேண்டும் என்பதில்லை. ஆனால் எத்தொழிலை மேற்கொண்டாலும், பழுதைக் கண்டு சோர்ந்துவிடாமல் அதன் காரணத்தைத் தேடும் மனம் அவர்களுக்கு வேண்டும். அதனைப் புத்தி சொல்லிப் புகட்டுவது அரிது. நான்கு சக்கரமும் ஒரு பிடிப் பற்சக்கரங்களும் அதனை விளையாட்டாகவே புகட்டிவிடுகின்றன. ஆகவே அடுத்த விடுமுறையில் அலமாரியைத் திறந்து அந்த வண்டியை வெளியே எடுங்கள், பிள்ளையின் கையில் கொடுத்து, "கழற்று!" என்று சொல்லுங்கள்.